தம்பிக்கு, சிங்கப்பூருக்கு

சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ ஊருக்கு வந்திருந்த நாலு நாளும் பெற்ற அப்பனாக உன்னைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் நீ முகப்புத் திண்ணையில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாய். அமெரிக்கப் பங்குச் சந்தை உங்கள் ஊரில் இரவு ஒன்பதரைக்குத் திறந்து விடிகாலை நாலு மணிக்குத்தான் மூடும், அதையும் பார்த்துவிட்டுக் காலை எட்டு மணிக்குத் திரும்ப ஆபீஸ் போக வேண்டும் என்றாய். எப்போதுதான் தூங்குகிறாய்?

போனஸ் வந்த அன்று போட் கீ மதுக்கடையில் ஒரே ராத்திரியில் நாலாயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குக் குடித்தோம் என்று பங்காளி வீட்டுப் பையன்களிடம் நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. ஆத்தாவிடம் நான் சொல்லவில்லை. கஷ்டமாக இருந்தது, ஆனாலும் அதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அப்புறம் இன்னொன்று சொன்னாயே, ஆபீஸ் கணக்கில் தப்பாக வாங்கிவிட்டதை இரண்டு நாள் மேலதிகாரிகள் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்து, மூன்றாம் நாள் விலை ஏறியதும் விற்று வெளியே வந்தேன் என்று. பையன்கள் கைதட்டினார்கள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பேரிங்ஸ் என்ற இங்கிலாந்து வங்கிக்காகச் சிங்கப்பூர்ச் சந்தையில் வாங்கி விற்ற நிக் லீசன் பெயரை நீ கேள்விப்படாமல் இருக்க மாட்டாய். நீ தினமும் போய்வருகிற அதே ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம்தான் அவனும் வேலை பார்த்தான், உன் வயதுதான். கூட வேலை பார்த்தவர் வாங்க வேண்டியதை விற்றுவிட்டார், சுமார் 20,000 பவுண்டு நஷ்டம், அதை மறைக்கத்தான் தவறுகளைப் பதிவதற்கான 88888 என்ற கணக்கைப் பயன்படுத்தினேன் என்று அவனே பின்னால் சொன்னான். வாங்கி விற்பதும் அவன், கணக்கை நேர் செய்வதும் அவன், அதனால் கேட்க ஆள் இல்லை. 1995 ஜனவரியில் கோபே பூகம்பத்தில் ஜப்பான் சந்தை விழுந்தபோது, விட்டதைப் பிடிக்கிறேன் என்று இன்னும் இன்னும் வாங்கினான். 82.7 கோடி பவுண்டு போயிற்று. 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கியை ஒரே ஒரு பவுண்டுக்கு விற்றார்கள். அவன் சாங்கி சிறைக்குப் போனான்.

உன் பாட்டையாவும் அந்த ஊருக்கு வட்டிக்கடையில் உதவியாளாக, அடுத்தாளாகப் போனவர்தான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கடையும் தங்குமிடமுமாக இருந்த கிட்டங்கியில் வரிசையாகப் பெட்டிகள் இருக்கும், பகலெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்து கணக்கு எழுதிவிட்டு ராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்களாம். சாய்ந்த மூடி போட்ட அவருடைய பெட்டி இரண்டாம் கட்டில் இன்னும் இருக்கிறது. நீ கிளம்பிய பிறகு அதைத் திறந்து பழைய பேரேட்டைப் புரட்டினேன், ஓரமெல்லாம் செல்லரித்துப் போயிருக்கிறது. ஒரு பக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டுக் கீழே அவர் கையெழுத்திலேயே, 'கூட்டலில் தவறு, 11 வெள்ளி, என் பேரில் பற்று' என்று எழுதியிருக்கிறார். அந்தப் பணத்தைத் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டு, அன்றைய தேதியிலேயே எழுதியிருக்கிறார், தம்பி. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன், பார்.

அந்த இரண்டு நாள் விஷயத்தை உன் மேலதிகாரியிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், நம் வீடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லிவிட்டாயா என்று மட்டும்தான் கேட்பேன், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பச்சி