பாலத்துக்கு ஒதுக்கும் பணத்தில் பாடப்புத்தகத்துக்கும் பங்கு வேண்டும்

கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தாருக்கு,

வணக்கம். இடுக்கி மாவட்டம் தேவிகுளம் தாலுகாவில், தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருக்கும் ஒரு தாய் எழுதுகிறேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூணாறு பக்கத்துப் பெரியவரைப் பாலம் போனது. எங்கள் லயத்துக்குள்ளும் சேறு புகுந்து, தமிழ் மீடியத்தில் படிக்கும் மகளின் புத்தகப்பை ஊறிவிட்டது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி, கணக்குப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்துக் காயப்போட்டோம். காய்ந்ததும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பக்கத்து வீட்டுப் பிள்ளை மலையாளம் மீடியம்; அதனிடம் வாங்கிப் படிக்க முடியாது. மலை இறங்கிப் போடியில் வாங்கலாம் என்றால் அது தமிழ்நாட்டுப் பாடம். கேரளப் பாடத்திட்டத் தமிழ்ப் புத்தகம் அரசு அச்சடித்து அனுப்பினால்தான் உண்டு. அது வரும்வரை தோழியின் புத்தகத்தைப் பார்த்து, ராத்திரி உட்கார்ந்து நோட்டில் எழுதினாள்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் நிலம் சரிந்து 70 பேரை மண் கொண்டுபோனது. பெரும்பாலும் எங்களைப் போன்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்து. கூட்டாளியைப் பறிகொடுத்த பிள்ளைக்கு அடுத்த மழை கேட்டாலே தூக்கம் போய்விடும். அந்தப் பிள்ளையோடு தமிழில் உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டாமா?

2021 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிதியில் 30 சதவீதத்தை மீட்சிக்கும் மறுகட்டுமானத்துக்கும், 10 சதவீதத்தை முன்னேற்பாட்டுக்கும் மத்திய அரசு அமைத்த 15ஆவது நிதிக் குழு பிரித்துவைத்தது. இனி வரும் ஒதுக்கீட்டில் பள்ளிக்கூடத்துக்கென்று தனிப் பங்கு வையுங்கள். அதைத் தலைமை ஆசிரியர் ஒரு வாரத்துக்குள் எடுத்துச் செலவழிக்கும்படி இருக்க வேண்டும்.

வயநாட்டில் 2024 ஜூலை 30-இல் நிலச்சரிவு. செப்டம்பர் 2-ஆம் தேதியே, அதில் பள்ளி சிதைந்த வெள்ளார்மலைப் பிள்ளைகளுக்கு மேப்பாடியில் வகுப்பு தொடங்கியது. மனசு வைத்தால் முடியும் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. ஆனால் மறுகட்டுமானத்துக்கு மத்திய அரசு 529.50 கோடி ரூபாயைக் கடனாக அறிவித்தது 2025 பிப்ரவரியில்தான், அதையும் மார்ச் 31-க்குள் செலவழிக்கச் சொன்னது. கட்டடத்துக்கே இப்படி இழுத்தால் புத்தகத்தை யார் நினைக்கப் போகிறார்கள்?

சரி, பெரிய தொகை எதுவும் நான் கேட்கவில்லை. முன்னேற்பாட்டுப் பணத்தில் தமிழ் மீடியம் புத்தகம் ஒவ்வொரு வகுப்புக்கும் கொஞ்சம் கூடுதலாக அச்சடித்து, மழைக்கு முன்பே மூணாறில், தண்ணீர் ஏறாத மேட்டில் வைத்திருங்கள். ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் ரோடு திறந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் ஒரு தாய்