அந்த 120 நாள் யாருடைய பணம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பெரும் செல்வந்தர்களைப் பற்றி வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று இரண்டாம் முறை படித்தேன். மூன்றாம் முறை ஒரே ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். ஒருவர் எவ்வளவு சேர்த்தாலும் அதனால் மற்றவருக்குச் சல்லிக்காசு நட்டமில்லை, நட்டம் என்று சொல்வது வெறும் பொறாமை என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அந்தப் பொறாமை என்ற சொல்தான் ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை.

செல்வம் புதிதாக உண்டாகிறது என்று அவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் கடைசல் பட்டறை நடத்தியவன் நான். ஒரு இரும்புத் துண்டு லேத்தில் ஏறி இறங்கும்போது அதன் மதிப்பு கூடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கூடுதல் மதிப்பு யாரிடமிருந்தும் பிடுங்கியது அல்ல. எங்கள் ஏழு பேரின் கையிலிருந்து வந்தது. அப்படி உண்டானது பிறகு யார் கைக்கு, எத்தனை நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியை உங்கள் கட்டுரை கேட்கவே இல்லை.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு பெரிய நிறுவனத்துக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்துவந்தோம். பெயர் வேண்டாம். ஆரம்பத்தில் பில் கொடுத்த 30 நாளில் செக் வந்துவிடும். அப்புறம் அது 45 நாள் ஆனது. நிறுவனம் வளர வளர 90 ஆகி, கடைசியில் 120 நாளில் வந்து நின்றது. இடையில் எங்களை யாரும் கேட்கவில்லை. ஒரு தாளில் புதிய விதிமுறை என்று அச்சடித்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். இரும்பு விற்பவர் எனக்கு 120 நாள் கடன் தரமாட்டார். மின்கட்டணம் காத்திருக்காது. என்னிடம் வேலை செய்தவர்களிடம் நான்கு மாதம் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினேன். அதாவது அந்த நிறுவனத்தின் நான்கு மாதச் செலவுக்கு வட்டி கட்டியது நான்.

பணம் கொடுக்கும் நாளில் அவர்கள் அலுவலகத்தில் ஒரு நீண்ட பெஞ்சில் முப்பது, நாற்பது பேர் உட்கார்ந்திருப்போம். எல்லோரும் என்னைப் போன்ற சிறு பட்டறைக்காரர்கள். இன்னும் கையெழுத்தாகவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று காசாளர் சொல்வார். அவரும் பாவம், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டார். சீக்கிரம் வேண்டுமானால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். பில்லில் நூற்றுக்கு மூன்று கழித்துக்கொள்ளச் சம்மதித்தால் பத்து நாளில் பணம். என் லாபமே நூற்றுக்கு ஆறோ ஏழோதான். அதில் மூன்றை, எனக்குச் சேரவேண்டிய என் பணத்தை வாங்குவதற்காகவே விட்டுக்கொடுத்தேன். ஒரு முறை அல்ல, பல முறை.

அந்த நாட்களில் நிறுவனத்தின் ஆண்டறிக்கை ஒன்று கைக்குக் கிடைத்தது. இதர வருமானம் என்ற தலைப்பில், வங்கி வைப்புத்தொகை மூலம் வந்த வட்டி என்று ஒரு வரி இருந்தது. நல்ல பெரிய தொகை. அந்த வரியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்குத் தரவேண்டிய பணம் வங்கியில் கிடந்து அவர்களுக்கு வட்டி சம்பாதித்துக் கொடுத்தது. அது வந்து சேராததால் நான் வேறொரு வங்கிக்கு வட்டி கட்டினேன். ஆசிரியர் அவர்களே, இதில் புதிதாக உண்டான செல்வம் எது? ஒரு திருகாணிகூட அதிகமாகச் செய்யப்படவில்லை. பணம் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தது. நகர்த்தும் பலம் அவர்களிடம் இருந்தது.

அதே ஆண்டில்தான் அந்த முதலாளியின் படம் உங்கள் அட்டையில் வந்தது. அவருடைய விடாமுயற்சியைப் பற்றி ஆறு பக்கம். அவர் உழைப்பாளிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரைப் பற்றி அந்த ஆறு பக்கத்தில் ஒரு வரி இல்லை. அப்போதே உங்களுக்கு எழுதினேன். என் கடிதத்தில் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்து, கட்டுரை சிறப்பாக இருந்தது என்ற பொருள் வரும்படி வெளியிட்டீர்கள். அந்தப் பத்தியில் நான் பாராட்டியது படங்களை மட்டும்தான். அது இன்னும் மனதில் இருக்கிறது. பட்டறையை மூடியபோது இரண்டு பேருக்கு வேறு வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தச் செய்தி எந்தப் பத்திரிகைக்கும் செய்தியாகப் படவில்லை. படாது, எனக்குத் தெரியும்.

சரி, என் ஒருவன் கதையை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்று கேட்பீர்கள். கட்டுரையாளர் அமெரிக்க எண்ணெய் அதிபர் ராக்ஃபெல்லரை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அவரால் மண்ணெண்ணெய் விலை இறங்கியது, ஏழை வீட்டிலும் விளக்கெரிந்தது என்கிறார். அது உண்மை. ஆனால் 1872இல் நடந்ததை அவர் விட்டுவிட்டார். ரயில் கம்பெனிகளோடு ரகசியமாக ஒரு திட்டம் போடப்பட்டது. அதன்படி ராக்ஃபெல்லர் தரப்பின் எண்ணெய்க்குக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும். போட்டியாளர்கள் அனுப்பும் எண்ணெய்க்கு அவர்கள் கட்டும் கட்டணத்திலும் ஒரு பங்கு ராக்ஃபெல்லர் தரப்புக்கே வரும். எதிரி கட்டுகிற சரக்குக் கட்டணத்தில் தனக்குப் பங்கு! எதிர்ப்புக் கிளம்பி அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள்ளேயே கிளீவ்லாந்து நகரில் அவருக்குப் போட்டியாக இருந்த 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22 அவர் கைக்கு வந்துவிட்டன. விற்றவர்கள் எல்லோரும் மனமொத்துத்தான் விற்றார்கள் என்று நம்ப எனக்கு முடியவில்லை. 1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய எண்ணெய் நிறுவனத்தை 34 துண்டாகப் பிரிக்க உத்தரவிட்டது. மண்ணெண்ணெயை மலிவாக்கியதும் அவர்தான், போட்டியாளர்களை நசுக்கியதும் அவர்தான். ஒன்றை எழுதி இன்னொன்றை விட்டால் அது பாதிக் கணக்கு.

அமெரிக்க எஃகு அதிபர் கார்னெகி 2,500க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். அதையும் கட்டுரை சொல்கிறது. 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் நிர்வாகம் கூலியைக் குறைத்து, எதிர்த்த தொழிலாளர்கள் மீது ஆயுதம் தாங்கிய கூலிப்படையை ஏவியதையும், இரு பக்கமும் உயிர்கள் போனதையும் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன்னால் நின்றவன் எப்போது நூலகத்துக்குப் போவான்?

இன்னொன்றையும் சொல்லவேண்டும், இது பழைய கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு நட்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. அந்த அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது. அடிமையாக உழைத்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. மாறாக, இன்னும் சில ஆண்டுகள் கூலியில்லாமல் உழைக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அந்த நட்டஈட்டுக்காக வாங்கிய கடனின் மிச்சம் 2015இல்தான் அடைந்தது. அதுவரை வரி கட்டிய சாதாரண மக்கள், தாங்கள் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டினார்கள். அவர்களில் அடிமைகளின் வாரிசுகளும் இருந்தார்கள். யாருக்கும் நட்டமில்லை என்ற வரியை அவர்களிடம் படித்துக் காட்ட முடியுமா?

பழையது வேண்டாமென்றால் 2013. வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே தையல் வேலை செய்தவர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். சரக்கு குறித்த தேதியில் போகவேண்டும் அல்லவா? தேதி குறிப்பவருக்கும் தைப்பவருக்கும் இடையில் எத்தனை பேர் இருந்தாலும், அவசரத்தின் சுமை கடைசியில் யார் தலையில் இறங்கியது என்று பாருங்கள்.

கட்டுரையாளர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் நார்ட்ஹவுஸின் கணக்கைக் காட்டுகிறார். புதிய தொழில்நுட்பத்தால் சமூகத்துக்குக் கிடைக்கும் பயனில், அதைக் கொண்டுவந்தவர்களுக்குச் சேர்வது நூற்றுக்கு சுமார் 2.2 மட்டுமே, மீதியெல்லாம் மக்களுக்கு என்று 2004இல் அவர் மதிப்பிட்டார். அந்தக் கணக்கோடு எனக்குச் சண்டையில்லை. புதிதாகக் கண்டுபிடித்து விற்றவர் பணக்காரர் ஆகட்டும், எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது மொத்தச் சராசரி. கண்டுபிடிப்பாளரின் கணக்கைக் காட்டி, நிலத்தை வாங்கிப் பூட்டி வைத்தவரையும், போட்டியாளரை விலைக்கு வாங்கி மூடியவரையும், என் பில்லை 120 நாள் மேசையில் வைத்திருந்தவரையும் சேர்த்து நியாயப்படுத்தக் கூடாது. இவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தும் சேர்க்காதவர்கள் இருக்கிறார்கள். 1923இல் இன்சுலின் காப்புரிமையை, அதைக் கண்டுபிடித்த பான்டிங்கும் அவர் கூட்டாளிகளான பெஸ்ட்டும் காலிப்பும் ஆளுக்கு ஒரு டாலருக்கு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பான்டிங் முதலில் அந்த உரிமையில் தன் பெயரே வேண்டாம் என்றார். பெரும் பணம் கிடைக்காவிட்டால் யாரும் எதையும் செய்யமாட்டார்கள் என்று எழுதும்போது இவர்களையும் ஒரு வரி நினைத்திருக்கலாம்.

எல்லாப் பெருஞ்செல்வமும் திருட்டு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக இந்த முறையும் வெட்டிச் சுருக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சில செல்வத்துக்கு வேறு ஆட்கள் விலை கொடுத்திருக்கிறார்கள், அவர்களில் நானும் ஒருவன். கொடுத்தவன் கணக்குக் கேட்டால் அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்காதீர்கள்.

வாசகர் கடிதப் பகுதி முன்பு இரண்டு பக்கம் வந்தது, இப்போது அரைப் பக்கம். அதனால் இது முழுதாக வரும் என்ற நம்பிக்கை எனக்கு அதிகம் இல்லை. வராவிட்டாலும் ஒரு வேண்டுகோளை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வெற்றியாளர் வரிசையில் தொழிலதிபர்களைப் பேட்டி காணும்போது, அவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார்கள் என்று தவறாமல் கேட்கிறீர்கள். அதற்குப் பக்கத்தில், சிறு பட்டறைகளின் பில்லுக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கிறார்கள் என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அவர் சொல்லும் பதில் ஒரு எண்தான். அதை அப்படியே அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
இருபத்தாறு ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் வாசகன்