வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்றும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது வருடமாக உங்கள் நாளிதழ் வாசகன் நான். கடந்த ஒன்றரை வருடமாக ஒரு வகைச் செய்தியை மட்டும் கத்தரித்து, பழைய வில்லங்கச் சான்றுக் கவர் ஒன்றில் போட்டு வைத்து வருகிறேன். எல்லாம் நாலைந்து வரிச் செய்திகள். வயது முப்பத்துச் சொச்சம் இருக்கும். நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னவர் மயங்கி விழுந்திருப்பார், மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போயிருக்கும், தலைப்பில் ‘திடீர் மாரடைப்பு’ என்று இருக்கும். ஊரும் பெயரும் மாறுமே தவிர வாசகம் மாறாது.

அந்தச் செய்திகளில் இரண்டு விவரம் சேர்க்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். முதல் வலி எத்தனை மணிக்கு வந்தது? முதல் ஈசிஜி எத்தனை மணிக்கு எடுத்தார்கள்? உங்கள் நிருபர்கள் குடும்பத்தாரிடம் பேசும்போது, அவர்கள் சொல்ல விரும்பினால், இந்த இரண்டையும் கேட்டுப் போடுங்கள். நான் பத்திர எழுத்தர். தேதியும் நேரமும் இல்லாத பத்திரத்துக்கு எங்கள் தொழிலில் மதிப்பு கிடையாது. ‘திடீர்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அதனால்தான் மனசு கேட்க மாட்டேன் என்கிறது. எனக்கு வந்ததையும் ஊரில் திடீர் என்றுதான் சொன்னார்கள். என் கணக்கில் வலி ஆரம்பித்தது அதிகாலை 4.20. ஈசிஜி எடுத்தது காலை 10.55. நடுவில் ஆறு மணி நேரம் முப்பத்தைந்து நிமிடம். அப்போது எனக்கு வயது 36.

போன வருடம் தை மாதம், முகூர்த்த நாள். அன்றைக்கு சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள், எங்களுக்கும் வேலை நெரியும். என் கையில் நாலு கிரயப் பத்திரம் இருந்தது. முதல் நாள் ராத்திரி நண்பர்களோடு பரோட்டா சாப்பிட்டுவிட்டு பதினொரு மணிக்கு மேல்தான் படுத்தேன். விடியற்காலையில் முழிப்பு வந்தது. நெஞ்சுக்குழிக்கு நாலு விரற்கடை மேலே, நடு எலும்புக்குப் பின்னால், ஒரு இறுக்கம். நான் அதை வலி என்றே நினைக்கவில்லை. நனைந்த துண்டை முறுக்கிப் பிழிவார்களே, உள்ளே யாரோ அப்படிப் பிழிவது மாதிரி இருந்தது. கூடவே கீழ்த்தாடை இரண்டு பக்கமும் கடுத்தது. கடவாய்ப் பல் கோளாறு என்று நினைத்தேன். இடது கையில் ஒன்றுமே இல்லை. சினிமாவில் மாரடைப்பு என்றால் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதானே விழுவார்கள். கை வலிக்கவில்லை, அதனால் இது அது இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அம்மா எழுந்து வந்து, “கண்டதையும் தின்னுட்டு வந்து படுத்தா வாய்வு பிடிக்காம என்ன செய்யும்?” என்று பெருங்காயத்தைப் பொரித்து மோரில் கரைத்துக் கொடுத்தார். குடித்தேன். ஐந்து நிமிடத்தில் பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது, இறுக்கமும் கொஞ்சம் குறைந்தது. “பாத்தியா, கேஸ்தான்” என்றார் அம்மா. எனக்கும் நிம்மதி. அந்த ஏப்பம்தான் என்னை ஏமாற்றியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பிறகு விளக்கினார்: மாரடைப்பிலும் ஏப்பம் வரும், குமட்டல் வரும். இதயத்தின் அடிப்பக்கம் வயிற்றுக்கு மேலேதான் இருக்கிறது, இரண்டு இடத்துச் சேதியும் மூளைக்குக் கலந்துதான் போகிறது. வலி கூடுவதும் குறைவதும்கூட சகஜம். கேஸ் மாத்திரை போட்டுக் குறைந்துவிட்டது என்பதை வைத்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று டாக்டர்களே முடிவு செய்ய மாட்டார்களாம்.

என் மனைவிக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. தலையணையைத் தொட்டுப் பார்த்து, “பனி கொட்டுது, உங்களுக்கு எப்படிங்க இவ்வளவு வேர்க்குது?” என்று கேட்டாள். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால் அவளைச் சத்தம் போட்டேன். இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

ஆறரை மணிக்கு மருந்துக்கடைக்குப் போனேன். கடையில் இருந்த தம்பி என் வயதைக் கேட்டார். சொன்னதும், “இந்த வயசுல அதெல்லாம் இருக்காதுண்ணே” என்று ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை யாராவது சொல்ல மாட்டார்களா என்று தேடித்தான் நான் கடைக்கே போயிருந்தேன். இருந்தாலும் ஆசிரியர் அவர்களே, இந்த ‘இந்த வயசுல’ என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பதை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். இன்டர்ஹார்ட் என்று 52 நாடுகளில் நடந்த ஓர் ஆய்வு. அதில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் பக்கத்து மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருடம் முந்தியே வருவதாகத் தெரிந்ததாம். அப்பாவோ அண்ணன் தம்பியோ 55 வயதுக்குள், அம்மாவோ அக்கா தங்கையோ 65 வயதுக்குள் இதய நோய் கண்டிருந்தால் நமக்கும் ஆபத்து கூடுதல். என் அப்பா 49 வயதில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவர். ‘நல்ல சாவு’ என்றார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். நானோ இருபது வயதிலிருந்து தினம் ஆறேழு சிகரெட். சர்க்கரை பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோதுதான் அதுவும் இருப்பது தெரிந்தது.

ஒன்பது மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

பதிவு அலுவலகத்துக்குப் பதினான்கு படி. பத்து வருடமாக நாளுக்கு இருபது தடவை ஏறி இறங்கும் படி. அன்றைக்கு எட்டாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே போய் உட்கார்ந்து, நிலம் விற்க வந்த ஓர் அம்மாவிடம் சொத்து விவரத்தைப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். வடக்கு எல்லை படித்தேன், தெற்கு எல்லை படிக்க மூச்சு வரவில்லை. அந்த அம்மா கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் நெற்றியைப் பார்த்தார், நாடியைப் பிடித்துப் பார்த்தார். “தம்பி, எப்பலேருந்து இப்படி இருக்கு?” என்றார். முதன்முதலாக என்னிடம் நேரம் கேட்டவர் அவர்தான். சொன்னேன். “கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம், நீங்க எழுந்திரிக்காம அப்படியே உட்காருங்க” என்று சொல்லிவிட்டு 108க்கு அடித்தார். நான் பைக்கிலேயே போய்விடுகிறேன் என்றேன். “வழியில நின்னுபோச்சுன்னா பைக் என்ன செய்யும்? வண்டியில ஆள் இருக்கும்” என்றார். எது நின்றுபோனால் என்று அவர் சொல்லவில்லை, எனக்குப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் நடந்தது முழுக்க நினைவிருக்கிறது. நெஞ்சில் ஜில்லென்று ஏதோ தடவி, வரிசையாக ஒட்டினார்கள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மெஷினிலிருந்து கட்டம் போட்ட ரோஸ் நிறத் தாள் வந்தது. கிழித்துப் பார்த்த நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிட்டார். ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின். 2023லிருந்து தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இந்த மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. என் வீட்டிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றரை கிலோமீட்டர்தான். அப்புறம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். முக்கால் மணி நேரத்தில், காலையிலிருந்து பிழிந்துகொண்டிருந்த கை விட்டது மாதிரி இறுக்கம் விலகியது. அன்று சாயங்காலமே தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். ஆஞ்சியோ செய்து, ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கிற ஸ்டென்ட் வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கையிலிருந்து பெரிதாகச் செலவாகவில்லை.

பணம் போகவில்லை, போனது வேறு. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். இதயத்தின் சுவர் எல்லாப் பக்கமும் உள்ளே வந்து வந்து போகிறது, முன்பக்கம் ஓர் இடம் மட்டும் அசையாமல் நிற்கிறது. பம்பிங், அதாவது ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளுகிற ரத்தம், 40 சதவீதம். சாதாரணமாக 55க்கு மேல் இருக்க வேண்டும். “ரத்தம் போகாத நேரத்துல செத்த தசை இது, திரும்ப முளைக்காது” என்றார். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பன்னிரண்டு மணி நேரம் வரை போடலாமாம். ஆனால் முதல் ஒரு மணி, இரண்டு மணிக்குள் போட்டால்தான் தசை பெரும்பாலும் தப்பிக்கும். மோர், ஏப்பம், கேப்ஸ்யூல், கிரயப் பத்திரம் என்று நான் கழித்த ஒவ்வொரு மணி நேரமும் அந்தத் திரையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இப்போது ஒரு குடம் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு 38 வயது.

2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 46 வயதில் இறந்தார். எங்கள் டீக்கடையில் ஒரு வாரம் அதே பேச்சு, கடைசியில் ‘ஜிம்முக்குப் போகவே கூடாது’ என்று முடித்தார்கள். 2024 மார்ச்சில் நடிகர் டேனியல் பாலாஜி 48 வயதில் போனபோதும் அப்படித்தான், ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நெஞ்சு இறுக்கினால் எந்த ஆஸ்பத்திரிக்கு, எத்தனை நிமிடத்தில் போவது என்று நான் உட்பட யாரும் பேசவில்லை.

நான் பிழைத்து வந்த பிறகு ஆட்கள் என்னைத் தேடி வந்து பேசுகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது இரண்டு மூன்று விஷயம், அவற்றையும் எழுதிவிடுகிறேன். ஒன்று, வெட்கம். ‘கேஸுக்குப் போய் 108ஐக் கூப்பிட்டான்’ என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். இளவயதில் நெஞ்சுவலி என்று போகிற பலருக்கு இதயத்தில் ஒன்றும் இருக்காது என்பது உண்மைதான். ஒன்றுமில்லை என்று தெரிவதற்கும் ஈசிஜிதானே எடுக்க வேண்டும்? அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு கிடையாது.

இன்னொன்று, முதல் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று எழுந்து வந்துவிடுவது. ஆரம்பத்தில் எடுத்த ஈசிஜியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இறுக்கம் தொடர்ந்தால் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுப்பார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கலக்கிற ட்ரோபோனின் என்ற பொருள் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். அதுவும் ரத்தத்தில் ஏறச் சில மணி நேரம் ஆகும், அதனால் இரண்டு தடவை பார்ப்பதும் உண்டு. “இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடலாமா?” என்று கேட்பதில் தப்பே இல்லை. போன வருடம் டிரெட்மில்லில் நடக்க வைத்து எடுத்த இதய டெஸ்ட் நார்மல் என்பதையும் கேடயமாகப் பிடிக்க வேண்டாம். இதய ரத்தக் குழாயில் பாதிக்குக் குறைவான சின்ன அடைப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தும் மாரடைப்பு வரும். அந்தச் சின்ன அடைப்பு டிரெட்மில்லில் தெரியாமலே போகலாம்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பக்கத்துத் தெருவில் ஓர் ஆசிரியை, 41 வயது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் முதுகில் வலி, வாந்தி, அப்படியொரு அசதி. வீட்டில் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ராத்திரி சமையலையும் அவரையே செய்ய விட்டிருக்கிறார்கள். மறுநாள்தான் கூட்டிப்போனார்கள். பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சில் பெரிதாகக் காட்டாமல் இப்படியும் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கும் அப்படித்தான். அவரும் பிழைத்தார், என்னைப் போலத்தான் பாதி பலத்தோடு.

வாட்ஸ்அப்பில் வருகிற ‘பலமாக இருமினால் மாரடைப்பு நிற்கும்’, ‘மிளகாய்த்தூளை வெந்நீரில் கலந்து குடி’ என்பதெல்லாம் பொய். பக்கத்து வீட்டுத் தாத்தா நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வதும் வேண்டாம், பிரஷர் சட்டென்று இறங்கி மயங்கிவிடலாம். இதிலெல்லாம் போவதும் நேரம்தான்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை அந்த நாலு வரிச் செய்தியைப் போடும்போது ‘அதிகாலை 4 மணி முதல் நெஞ்சு இறுக்கம் இருந்ததாகவும், காலை 11 மணிக்கு மருத்துவமனைக்குச் சென்றதாகவும்’ என்று ஒரு வரி இருந்தால், அதிகாலை 4 மணிக்கு முழித்துக்கொண்டு தாடையைத் தடவிக்கொண்டிருக்கும் ஒருவனுக்கு அது நினைவுக்கு வரும். இடம் இருந்தால் 108 என்ற எண்ணையும் கீழே போடுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரும் ஊரும் வேண்டாம். அம்மா தினமும் உங்கள் நாளிதழைக் கடைசிப் பக்கம் வரை படிப்பார். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் வீட்டில் பெருங்காயம் பொரிப்பதில்லை. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் இதுவரை பேசியதும் இல்லை.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.