தண்டனைக்குப் பின்னும் ஓர் உரிமை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கவனக்குறைவாக வாகனம் ஓட்டி ஒருவரின் உயிரிழப்புக்குக் காரணமானவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். இத்தகைய செய்திகள் தண்டனையோடு முடிந்துவிடுவதால், குடும்பத்தினரும் அத்துடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அது சரியன்று. குற்றவியல் வழக்கை நடத்துவது அரசு. பிறரின் தவறாலோ அலட்சியத்தாலோ உயிர் பறிபோனால், இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களுக்காக இழப்பீட்டு வழக்குத் தொடரச் சிங்கப்பூர்ச் சட்டம் தனியே வழிவகுக்கிறது. மனைவி மக்கள் மட்டுமல்லர், பெற்றோரும் உடன்பிறந்தாரும்கூட அதில் அடங்குவர். இழந்த வருமான ஆதரவு, ஈமச்சடங்குச் செலவு ஆகியவற்றுடன், பிரிவுத் துயருக்கென நெருங்கிய உறவினருக்குச் சட்டம் வரையறுத்துள்ள 15,000 வெள்ளியையும் கோரலாம். ஆனால் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

எங்கள் புளோக்கில் வசிக்கும் அக்கா ஒருவர் சாலை விபத்தில் கணவரைப் பறிகொடுத்தவர். ஈமச்சடங்கு ரசீதுகளையும் கணவரின் சம்பளச் சீட்டுகளையும் ஒரு மைலோ டின்னில் பத்திரப்படுத்தியிருந்தார். ஓட்டுநர்மீதான வழக்கு முழுமையாக முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு அவற்றை வழக்கறிஞரிடம் கொண்டுசென்றபோது, கெடு கடந்திருந்தது. பள்ளி செல்லும் இரு பிள்ளைகள் அவருக்கு. எடுத்துச் சொல்ல ஒருவர்கூட இல்லாமல் போனது கொடுமை. இனி இத்தகைய நீதிமன்றச் செய்திகளின் கீழ் இந்தக் கெடுவையும், சமூக மன்றங்களில் கிடைக்கும் இலவசச் சட்ட ஆலோசனை பற்றியும் இரண்டு வரிகள் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர், தெம்பனிஸ்