அந்த உண்டியலை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய எங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் தலைமை ஆசிரியை அவர்களுக்கும், வணக்கம்.

மூன்றாம் வகுப்பு ஜன்னலில் இருக்கும் உண்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து பேசியதும், "பார்க்கலாம் ஆச்சி" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கும். இரண்டு மாதம் ஆகிவிட்டது. இங்கிலீஷில் 'ஹி', 'ஷி' வரும்போது வினையோடு 'எஸ்' சேர்க்கத் தவறும் பிள்ளை இன்றைக்கும் அதில் ஒரு ரூபாய் போட்டுக்கொண்டிருக்கிறது.

போன வாரம் என் மகள்வழிப் பேத்திக்கு 'மை கிராண்ட்ஃபாதர்' பற்றி ஐந்து வரி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். 'ஐ லவ் மை ஐயா. ஐ சிட் வித் மை ஐயா. ஐ கிவ் காபி டு மை ஐயா' என்று ஐந்து வரியையும் 'ஐ'யில் தொடங்கியிருந்தாள். ஐயா என்ன செய்வார் என்று ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று கேட்டேன். "ஐ போட்டா எஸ் வராது ஆயா, காசு போட வேணாம்" என்றாள். எட்டு வயசுப் பிள்ளை. முதல் வரிக்கு மேலே ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் நைந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'மை ஐயா கெட்ஸ் அப்' என்று எழுதி அழித்திருக்கிறாள். எஸ்ஸைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். பயத்தில் அதையும் அழித்துவிட்டாள்.

31 வருடம் தொடக்கப்பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று உங்களோடு உட்கார்ந்து பேச ஆசைப்பட்டேன், நேரம் கிடைக்கவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஐயா தினமும் என்ன செய்வார் என்று அவளைத் தமிழில் கேளுங்கள். "வெள்ளன எந்திரிப்பாக, பூப்பறிப்பாக, முகப்புல உக்காந்து பேப்பர் படிப்பாக" என்று மூச்சுவிடாமல் சொல்வாள். 'எந்திரிப்பாக' என்பது மரியாதை. பலரைச் சொல்லவும் நம் பக்கம் அதே முடிவுதான். இங்கிலீஷில் பலர் என்றால் எஸ் கிடையாது. மரியாதையோடு நினைத்த பிள்ளை 'மை ஐயா கெட் அப்' என்று சொல்வதில் என்ன அதிசயம்? வகுப்பிலோ 'ஹி' என்றால் 'அவன்' என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். தன் ஐயாவை அவன் என்று எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்?

இன்னொன்றும் இருக்கிறது. சிம்பிள் பிரசன்ட் என்றால் நிகழ்காலம், இப்போது நடப்பது என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார்கள். அவள் கட்டிலைக் காட்டி, "ஐயா இப்பத் தூங்குறாக, அப்ப 'ஹி ஸ்லீப்ஸ்'தானே ஆயா?" என்று கேட்டாள். அந்த நேரத்துக்கு 'ஹி இஸ் ஸ்லீப்பிங்' அல்லவா சொல்ல வேண்டும்? வழக்கமாக நடப்பதைத் தமிழில் 'தூங்குவாக', 'சூரியன் கிழக்கே உதிக்கும்' என்று எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். இங்கிலீஷில் அந்த வேலையைச் செய்வது சிம்பிள் பிரசன்ட். 'தினமும் நடக்கிறதைச் சொல்லுகிற வாக்கியம்' என்று சொல்லியிருந்தால் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன், இங்கிலீஷே தாய்மொழியான மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து கவனித்து 1973ல் எழுதினார். 14 இலக்கணக் கூறுகள் எந்த வரிசையில் வாயில் படிகின்றன என்று பார்த்ததில் 'ஸ்லீப்பிங்'கில் வருகிற அந்த 'இங்' முதலில் வந்தது. இந்த எஸ் பத்தாவது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே இவ்வளவு தாமதமாக வருகிற ஒன்றுக்கு நம் பிள்ளைகளிடம் அபராதம் வாங்குகிறோம்.

அழகப்பச் செட்டியார் 1947ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். படிப்புக்குக் கொடுத்துப் பேர் வாங்கிய சீமை இது. இங்கே, எஸ் விட்டுப்போனதென்று எட்டு வயசுப் பிள்ளையின் மிட்டாய்க் காசை வாங்குவது எனக்குத் தாங்கவில்லை. வாசல் வளைவுக்கு நன்கொடை திரட்டினீர்கள், நானும் கொடுத்தேன். சின்ன வகுப்பு டீச்சர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்கிறேன். அதற்கு மட்டும் பணம் இல்லை என்கிறீர்கள். பாவம், அந்த டீச்சர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோபமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான்: உண்டியலை எடுத்துவிடுங்கள். மூன்றாம் வகுப்பு முடியும்வரை பேச்சில் எஸ் விட்டால் மார்க்கும் குறைக்காதீர்கள். பிள்ளை தவறாகச் சொன்னால், "ஓ, ஐயா கெட்ஸ் அப் அட் ஃபைவ்?" என்று டீச்சர் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும், காது பழகிவிடும். ஒரு நாள், தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் ஆத்தங்குடிக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஒருவர் கண்ணாடி மேல் சட்டம் வைத்து வண்ணச் சாந்தை ஊற்றுவார், அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவார், பூக்கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார். நாளெல்லாம் அதே வேலை. 'ஹி போர்ஸ், ஹி பிரஸ்ஸஸ், ஹி சோக்ஸ்' என்று பார்த்துப் பார்த்துச் சொன்னால் எஸ் தானாக நாக்கில் ஏறும். வேன் வாடகையை நான் தருகிறேன், கூடவும் வருகிறேன்.

நேற்று ராத்திரி பேத்தியின் பென்சில் பெட்டியைத் திறந்தேன். மூன்று ஒரு ரூபாய்க் காசு இருந்தது. திங்கட்கிழமை இங்கிலீஷ் வகுப்புக்கு எடுத்துவைத்திருக்கிறாளாம். அவள் வகுப்புக்குள் நுழைவதற்கு முன் அந்த உண்டியலை எடுத்துவிடும்படி மிகவும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் ஆயா