திண்ணையில் மனனம் மட்டுமா நடந்தது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் முறை மேல்நாட்டிலிருந்து வந்தது, நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மனனம் தவிர வேறொன்றும் இல்லை என்று கடந்த ஞாயிறு எழுதியிருந்தீர்கள். 32 வருடம் இந்த மாவட்டத்தில் ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் நான். மனம் ஆறவில்லை.

அன்ட்ரூ பெல்லை நீங்கள் அறியாதவர் அல்ல. 1789இல் சென்னையில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியைப் பொறுப்பேற்ற ஸ்கொட்லாந்துக்காரர். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தன் விடுதிக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர்கள் ஒத்துவராதபோது எட்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டே படிப்பித்தார். 1797இல் அதை இலண்டனில் அச்சிட்டார். அங்கே அதற்குப் பெயரே ‘மெட்ராஸ் முறை’. நம் திண்ணையில் இப்படி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவன்தான் சட்டாம்பிள்ளை. (எங்கள் பெரியவர்கள் வாத்தியாரையே சட்டம்பியார் என்பார்கள்.)

திண்ணையைப் புகழ வரவில்லை. பிரம்பும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை அது வாசலோடு நிறுத்தியது. அதற்காகத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

1990இல் ஓர் அகதி முகாமில் எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், நான் ஒருத்தி. கொப்பி இல்லை, சோக் இல்லை. சுளகில் கடல்மணல் பரப்பி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னதுகளின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைத்தார்கள். பார்க்க வந்த அதிகாரி ஒருவர், “பிள்ளைகளிடம் வேலை வாங்குகிறீர்களா டீச்சர்?” என்று அவர்கள் முன்னாலேயே கேட்டார். பத்து வருடம் கழித்து அதையே ‘சகபாடிக் கற்றல்’ என்று செயலமர்வில் எனக்குப் படிப்பித்தார்கள். இரண்டு நாளும் பேசாமல் குறிப்பெடுத்தேன்.

அப்புறம், மனனத்தைக் குறை சொன்ன அதே இதழில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் இரண்டு பக்கம். ஏழைப் பிள்ளைகள் மத்திய கல்லூரிகளில் படிக்கட்டும் என்று 1940களில், இலவசக் கல்வி வந்த காலத்தில் தொடங்கிய பரீட்சை அது. இன்று நான்காம் வகுப்புப் படிக்கும் என் பேத்திக்குச் சனி ஞாயிறும் ரியூசன். சித்திக்கு வேண்டிய வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையின் வீட்டுக்குப் போயிருக்கிறேன். டீச்சர் வந்திருக்கிறேன் என்று தெரிந்தும் கதவுக்குப் பின்னாலிருந்து அது வெளியே வரவில்லை.

வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், பெல் மெட்ராசில் என்ன கண்டார் என்பதை நான்கு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருகோணமலை.