டிராக்டர் இழுக்கும் இரு சக்கர டிரெய்லரின் பிரேக், அச்சு குறைபாடு குறித்த புகார்

அனுப்புநர்:
கரும்பு விவசாயி ஒருவர்,
மூங்கில்துறைப்பட்டு அருகில்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டிரெய்லர் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: டிரெய்லரின் பிரேக் அமைப்பையும் அச்சின் இடத்தையும் நிறுவனச் செலவில் சரிசெய்து தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் முகவரிடம் இந்த அரவைப் பருவத் தொடக்கத்தில் ஒற்றை அச்சு கொண்ட டிப்பர் டிரெய்லர் ஒன்றை வாங்கினேன். பாரம் ஏற்றிச் செல்லும்போது பெட்டி பக்கவாட்டில் ஆடுவதையும், பிரேக் பிடிக்காததையும் தொலைபேசியில் பலமுறை தெரிவித்தும், "ஓட்டுநரை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்" என்ற ஒரே பதில்தான் வந்தது. கோளாறு ஓட்டுநரிடம் இல்லை, தாங்கள் கட்டிக் கொடுத்த பெட்டியில்தான் இருக்கிறது என்பதை எழுத்து மூலமாகத் தெரிவிக்கவே இக்கடிதம்.

முதலில் பிரேக்கைச் சொல்கிறேன். டிராக்டர் வேகம் குறையும்போது பின்னாலிருந்து பெட்டி முட்டித் தள்ளும் விசையிலேயே, டிராக்டரோடு பூட்டும் முன்கம்பின் தலை உள்ளே சரிந்து, லீவரை இழுத்து, சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூவை விரிக்கும் வகையிலான தானியங்கி பிரேக் இதில் பொருத்தப்பட்டுள்ளது. பின்னோக்கி எடுக்கும்போதும் இதே தள்ளுவிசை உண்டாகும் என்பதால், அந்த நேரத்தில் பிரேக் பிடிக்காமல் தடுக்க ஒரு கொண்டி இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் கொண்டி இல்லை. அதற்குப் பதிலாக, பெட்டியை ஒப்படைத்த அன்றே தங்கள் முகவரின் மெக்கானிக் லீவரைக் கட்டுக்கம்பியால் மூன்று சுற்று சுற்றி முறுக்கிக் கட்டிவிட்டிருக்கிறார். ரிவர்ஸ் எடுக்கச் சிரமம் இருக்காது என்று அவர் சொன்னதன் பொருள், பெட்டிக்கு பிரேக்கே இருக்காது என்பதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. கம்பியை அவிழ்த்து ஓட்டிப் பார்த்ததில் வேறொரு குறை வெளிப்பட்டது. இடப்பக்கத்து இழுவைக் கம்பி வலப்பக்கத்தை விடக் குட்டையாக இருப்பதால் இடச் சக்கரம் முந்திக்கொண்டு பிடிக்கிறது. ஏரிக்கரை இறக்கத்தில் இறங்கி நிறுத்திய பிறகு இட டிரம்மில் கை வைக்க முடியாத சூடு, வல டிரம்மோ தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை.

அடுத்தது ஆட்டம். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்கள் எவருக்கும் முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே கிளம்பும். இந்தப் பெட்டியின் அச்சு, பெட்டியின் நடுவிலேயே வைத்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், கரும்புக் கட்டுகளை நீளம் முழுவதும் ஒரே சீராக அடுக்கினாலும் முன்கம்பில் இறங்க வேண்டிய பாரம் இறங்குவதே இல்லை. வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது என்பதற்காக எடைமேடையில் டிராக்டரைத் தனியாகவும், பாரப் பெட்டியைப் பூட்டியபின் டிராக்டரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படியும் எடை போட்டேன். வித்தியாசம் 80 கிலோ. பெட்டியும் பாரமும் சேர்ந்த எடை 5,240 கிலோ. அதாவது நூற்றுக்கு இரண்டு பங்குகூட முன்னால் இறங்கவில்லை. காருக்குப் பின்னால் இழுக்கும் சிறு டிரெய்லர்களுக்கே மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இது போதாதென்று, முன்கம்பின் வளையத் துளை அதை டிராக்டரில் மாட்டும் இரும்புப் பின்னை (pin) விட மிகப் பெரிதாக இருப்பதால், ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வளையம் பின்னில் முட்டி மோதுகிறது.

இவ்விரண்டு குறைகளையும் தங்கள் சேவைப் பொறியாளர் தனித்தனியாகப் பார்க்கிறார். ஆபத்து இரண்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஓடும் டிராக்டர்களுக்கு பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. அந்தச் சக்கரங்கள் தரையைப் பற்றி நிற்க முன்கம்பின் பாரம் துணை செய்ய வேண்டும். இங்கே அந்தப் பாரமும் இல்லை, பெட்டிக்கு ஒழுங்கான பிரேக்கும் இல்லை என்னும்போது, ஐந்து டன்னைத் தாண்டிய எடை முழுவதும் பின்னாலிருந்து டிராக்டரைத் தள்ளுகிறது. டிராக்டர் சற்றே திரும்பியிருந்தால் மடக்குக்கத்தி போல மடித்துப் போட்டுவிடும். ஏரிக்கரை இறக்கத்தில் நடந்தது ஏறக்குறைய அதுதான். இடது, வலது பிரேக் மிதிகளை ஒன்றாகக் கொக்கியிட்டு, கியரிலேயே இறங்கிய ஓட்டுநர், பெட்டி ஆடத் தொடங்கியதும் திடீரென மிதிக்காமலும் ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாமலும் வேகத்தை மட்டும் தணித்ததால் கவிழாமல் தப்பினோம். எதிரே வந்த இருசக்கர வாகன ஓட்டி மண்ணில் இறங்கி ஒதுங்க வேண்டியதாயிற்று.

மெதுவாக ஓட்டினால் ஆடாது என்பது உண்மைதான். மணிக்கு 15 கிலோமீட்டரில் ஆடவில்லை. ஆனால் தங்கள் விளம்பரத் தாளில் 25 கிலோமீட்டர் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 15-லிருந்து 25-க்குப் போனால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது என்பதை அந்தத் தாளை எழுதியவர் அறிந்திருக்க வேண்டும்.

எனவே, அச்சைத் தேவையான அளவு பின்னுக்கு நகர்த்தி முறையாகப் பற்றவைத்துத் தருமாறும், பிரேக் கம்பிகளைச் சம அளவில் மாற்றி ரிவர்ஸ் கொண்டி பொருத்தித் தருமாறும், வளையத்தையும் பின்னையும் பொருந்தும் அளவில் மாற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன். இணைப்புப் பின் உடைந்தால் பெட்டி தனியே ஓடாமல் தடுக்கும் பாதுகாப்புச் சங்கிலியும் தரப்படவில்லை. அதையும் சேர்க்க வேண்டும். இவற்றைச் செய்ய இயலாதெனில் பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் தந்துவிடுங்கள். பாரத்தை எங்கே எவ்வளவு ஏற்றுவது என்ற குறிப்பு, தமிழில் ஒரு வரிகூட என்னிடம் தரப்படவில்லை. வடிவமைப்புக் குறையோடு, போதிய பயன்பாட்டு அறிவுறுத்தல் தராததும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரிப்பாளரின் பொறுப்பில் வருகிறது என்பதைத் தங்கள் சட்டப் பிரிவு உறுதி செய்துகொள்ளலாம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். ஆலையிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்துவிட்டதால் வாடகைப் பெட்டியில்தான் கரும்பு ஆலைக்குப் போகிறது. அந்த வாடகை ரசீதுகளையும் அப்போது சேர்த்தே கொடுப்பேன். தங்கள் பொறியாளர் வந்து பார்க்க வசதியாகப் பெட்டியைக் களத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: விற்பனை ரசீது நகல், எடைமேடைச் சீட்டுகள், லீவரும் கட்டுக்கம்பியும் தெரியும் புகைப்படங்கள்.